ஒடுக்கு எடுத்துப் பெயின்ட் அடித்த இடத்தில் குறை தெரிகிறதா? அறிகுறி வழியே காரணமும் நிவர்த்தியும்

காரின் தகட்டில் விழுந்த ஒடுக்கை (குழிவை) எடுத்து, பட்டி (பள்ளத்தை நிரப்பி இறுகும் பசை) பார்த்து, பெயின்ட் அடித்த இடம் அன்றைக்குக் கண்ணாடிபோல் இருந்துவிட்டுப் பத்து நாள் கழித்து வளையம் வளையமாகக் காட்டத் தொடங்கினால், பெரும்பாலோர் அதன்மேல் இன்னொரு கோட் அடித்துவிடுவார்கள். அந்தக் கோட்டும் சில நாளில் அதே வளையத்தைக் காட்டும். குறை கண்ணில் படுவது மேல் அடுக்கில். அது பிறந்ததோ அடியிலுள்ள வேறோர் அடுக்கில். ஆகையால் காரின் வெளிப்புறத்தை வீட்டிலேயே சரிசெய்கிறவர், எந்தக் குறையைக் கண்டாலும், இது எந்த அடுக்கில் உண்டானது என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த அடுக்குவரை இறங்கினால்தான் வேலை நிற்கும். அதற்கு மேலேயே நிறுத்தினால் குறை திரும்பி வரும். அதையும் தாண்டித் தேய்த்தால் நன்றாக இருக்கும் அடுக்கும் வீணாகும்.

குறை எந்த அடுக்கில் இருக்கிறது என்று அறிவது

இன்றைய கார்களின் வெளித்தகடு ஏறக்குறைய 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. அதன்மேல் துருவைத் தடுக்கும் மின்முறைப் பூச்சு, பெயின்டுக்குப் பிடிப்பு தரும் பிரைமர், நிறம் தரும் பேஸ் கோட், பளபளப்பும் பாதுகாப்பும் தரும் கிளியர் கோட் ஆகியவை அடுத்தடுத்து இருக்கும். தொழிற்சாலையில் அடிக்கப்பட்ட இத்தனை அடுக்குகளும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சாதாரண எழுதுதாள் ஒன்றின் தடிமன் 100 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால், உப்புத்தாளை எவ்வளவு நிதானமாகப் பிடிக்க வேண்டும் என்பது விளங்கும். அதிலும் கிளியர் கோட்டின் பங்கு 35 முதல் 50 மைக்ரான் மட்டுமே.

குறையுள்ள இடத்தில் பெருவிரல் அகலத்துக்கு மட்டும் 1500 எண் வாட்டர் பேப்பரை (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்; எண் கூடக்கூடத் தாள் நைஸாகும்) சோப்புத் தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேயுங்கள். வழிகிற தண்ணீர் பால்போல வெளுத்து வந்து, அதற்குள்ளேயே குறை மறைந்துவிட்டால், அது கிளியர் கோட்டில் மட்டும் இருந்த குறை. அதைத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் போதும். தண்ணீரில் காரின் நிறம் இறங்கத் தொடங்கியும் குறை அப்படியே இருந்தால், கிளியரைத் தாண்டி பேஸ் கோட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று பொருள். இனி அந்த இடத்துக்குப் பெயின்ட் அடிக்காமல் தீராது. தொடக்கத்திலிருந்தே நிறம் இறங்கினால், அந்தக் காருக்குத் தனியாகக் கிளியர் இல்லை, நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் அடிக்கப்பட்டிருக்கின்றன என்று கொள்ளலாம்.

பழைய காரானால் இன்னும் இரண்டு சோதனைகளைச் சேர்த்துச் செய்வது நல்லது. மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் நகர்த்திப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் பிடிப்பு தளர்ந்தால் அங்கே முன்பே யாரோ தடிமனாகப் பட்டி வைத்திருக்கிறார்கள். எங்குமே பிடிக்கவில்லை என்றால் தகடு அலுமினியமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கலாம். எஃகுக்குச் சொல்லப்படும் முறைகளை அங்கே அப்படியே கையாளக் கூடாது. அடுத்ததாக, மறைவான ஓர் இடத்தில் தின்னர் தோய்த்த வெள்ளைத் துணியை அரை நிமிடம் அழுத்தி வைத்து எடுங்கள். நிறம் கரைந்து துணியில் ஏறினால், அங்கிருப்பது ஹார்டனர் (இறுக வைப்பதற்காகக் கலக்கும் பொருள்) சேராத பழைய ரகப் பெயின்ட். அதன்மேல் புதுப் பெயின்டை நேரடியாக அடித்தால் சுருங்கும். கீழே சொல்லப்போகும் குறைகளில் பலவற்றை இந்த ஒரு துணிச் சோதனை முன்கூட்டியே தடுத்துவிடும்.

அழுத்தினால் 'டப்' என்று உள்ளே போய்த் திரும்பும் தகடு

ஒடுக்கு வெளியே வந்துவிட்டது; ஆனால் உள்ளங்கையால் அழுத்தினால் தகடு உள்ளே போய், கையை எடுத்ததும் துள்ளி வருகிறது. டாலியை (தகட்டுக்குத் தாங்கலாகப் பிடிக்கும் இரும்புக் கட்டியை) பின்னால் நேராகப் பிடித்துக்கொண்டு அதன்மேலேயே சுத்தியலால் பலமுறை அடித்ததால் தகடு மெலிந்து பரப்பில் கூடியிருக்கலாம். கூடுதலாகிப்போன தகட்டுக்கு அமர இடமில்லாததால் அது இரண்டு நிலைகளுக்கு நடுவே ஊசலாடுகிறது. ஆனால் இதே அறிகுறிக்கு எளிதில் தீரக்கூடிய இன்னொரு காரணமும் உண்டு: ஒடுக்கைச் சுற்றி எழும்பிய மேட்டுவரி முழுமையாகத் தணியாமல், பக்கத்துத் தகட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். முதலில் இதைத் தேடுங்கள். மெல்லிய பருத்திக் கையுறை அணிந்து, விரல் நுனியால் அல்லாமல் முழு உள்ளங்கையாலும் தடவினால், கண்ணுக்குத் தெரியாத மேடும் கைக்குத் தெரியும். டாலியை மேட்டுக்கு நேராகப் பிடிக்காமல், அருகிலுள்ள பள்ளத்தின் அடியில் வைத்து, மேட்டை மட்டும் இலேசாகத் தட்டினால், பெரும்பாலும் தகடு தானே இறுகிவிடும்.

மேடு எதுவும் இல்லாமலும் தகடு துள்ளினால் அது உண்மையாகவே விரிந்த தகடு. அதைச் சுருக்கச் சூடு தேவை. தகட்டின் பின்னால் ஒயர்களும், ஒலியடக்கும் பஞ்சும், சில இடங்களில் எரிபொருள் குழாயும் இருப்பதால் இதை வீட்டில் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பழகிய டிங்கரிங் கைகளிடம் கொடுத்துவிடுங்கள். அதன்மேல் பட்டி வைத்து மறைப்பது மட்டும் கூடவே கூடாது. கதவை ஒவ்வொரு முறை அறைந்து சாத்தும்போதும் தகடு அசையும்; பட்டி அசையாது; நாளடைவில் விரிசல் விடும்.

பெயின்ட் உடையாத சிறு ஒடுக்கைப் பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. பெயின்ட் வெடிக்காமல் தகடு மட்டும் மெல்லக் குழிந்திருந்தால், பின்னாலிருந்து தள்ளியோ பசை கொண்டு இழுத்தோ எடுக்கும் முறையை முதலில் முயன்று பாருங்கள். தொழிற்சாலையில் அடித்துச் சுட்ட பூச்சைவிட உறுதியான ஒன்றை வீட்டில் எவராலும் அடிக்க முடியாது. அதைக் காப்பாற்ற முடிகிற இடத்தில் காப்பாற்றிவிடுவதே சிறந்த வேலை.

பட்டியைத் தேய்க்கும்போது நடுவில் தகடு பளிச்சென்று தெரிகிறது

இது பட்டி போதாமல் வந்ததன்று. அந்த இடத்தில் தகடே மேடாக இருக்கிறது. அதை மூடச் சுற்றிலும் மேலும் மேலும் பட்டி ஏற்றினால், சிறிய ஒடுக்கு ஒன்று கதவின் பாதி அளவுக்குப் பரந்த வீக்கமாக மாறிவிடும். தேய்ப்பதை நிறுத்திவிட்டு அந்த மேட்டைச் சுத்தியலின் கூர்முனையால் ஓரிரு முறை மெதுவாகத் தட்டி, தகட்டை அரை மில்லிமீட்டர் போலத் தாழ்த்திய பிறகு, மெல்லிய பட்டி ஒன்றை இழுத்துத் தேயுங்கள். தேய்த்து முடித்த நிலையில் பட்டியின் தடிமன் 3 மில்லிமீட்டருக்குள் நிற்க வேண்டும் என்பது நல்ல அளவுகோல். அதற்கு மேல் தேவைப்படுகிறது என்றால் தகடு இன்னும் வெளியே வரவில்லை.

எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று காண, கறுப்புப் பெயின்டை மிக மெல்லியதாகத் தூவிவிட்டு, நீளமான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் குறுக்கும் மறுக்குமாகத் தேயுங்கள். கறுப்பு உடனே போகும் இடம் மேடு. தங்கும் இடம் பள்ளம். உப்புத்தாளை வெறும் கையில் பிடித்துத் தேய்ப்பதுதான் அலையலையான பரப்புக்கு முதற்காரணம். விரல்களின் அழுத்தம் அப்படியே பட்டியில் பதிந்துவிடும்.

பட்டி இறுகவில்லை, அல்லது நாள் கழித்து மஞ்சளாகக் கசிகிறது

இரண்டும் பெரும்பாலும் ஹார்டனர் அளவில் நேரும் பிழைகள். பாலியெஸ்டர் பட்டிக்கு எடையில் 2 சதவீத அளவு ஹார்டனர் போதும். அதாவது 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். டப்பாவில் தரப்பட்ட அளவு வேறாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள். சமையலறைத் தராசு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவது நல்லது, ஏனெனில் கண் அளவில் பிழியும்போது எல்லோருடைய கையும் கூடுதலாகத்தான் பிழிகிறது. நிறம் சீராகி, கோடு கோடாகத் தெரிவது முற்றிலும் மறையும்வரை கலக்க வேண்டும். கோடுகள் இருக்கும்போதே தடவினால் ஒரே பட்டியில் ஓரிடம் கல்லாகவும் ஓரிடம் களியாகவும் நிற்கும்.

பட்டியின் மேற்பரப்பு மட்டும் இலேசாகப் பிசுபிசுப்பது குறை இல்லை. காற்றிலுள்ள ஆக்சிஜன் மேல்தோல் இறுகுவதைத் தடுப்பதால் அப்படி இருக்கும். 80 எண் தாளால் அதை எடுத்துவிட்டால் அடியில் உலர்ந்த தூள் வர வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தும் அடியில் ரப்பர்போல் அமுங்கினால், வேறு வழியில்லை, முழுவதையும் சுரண்டி எடுங்கள். மேலே ஹார்டனரைத் தடவுவதாலோ சூடான காற்றை ஊதுவதாலோ கலவாத பட்டி கலந்துவிடாது. 10 டிகிரிக்குக் கீழான குளிரில் சரியாகக் கலந்த பட்டிகூட முழுமையாக இறுகாது.

ஹார்டனர் மிகுந்துவிட்டால் தொல்லை தாமதமாக வரும். மீந்துபோன பெராக்சைடு மேலே ஏறி, வெள்ளை போன்ற வெளிர் நிறப் பெயின்டில் மஞ்சளோ பழுப்போ கலந்த கறையாகத் தெரியும். பாலிஷ் போட்டாலும் மேலே இன்னொரு கோட் அடித்தாலும் கறை மறுபடி ஊடுருவும். பட்டிவரை தேய்த்து, அந்தப் பட்டியை எடுத்துவிட்டுப் புதிதாக வைப்பதே நிலையான தீர்வு.

பட்டியில் ஊசித்துளைகள்

பட்டியைத் தயிர் கடைவதுபோல் சுழற்றிக் கலக்கினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். தட்டையான பலகையில் வைத்து, பட்டி தடவும் கைத்தகட்டால் அழுத்தி மடித்து மடித்துக் கலக்க வேண்டும். முதல் பூச்சை மிக மெல்லியதாகவும் தகட்டோடு அழுத்தமாகவும் இழுங்கள். துளைகள் வந்துவிட்டால் பிரைமரால் அடைந்துபோகும் என்று நம்பாதீர்கள். பிரைமர் துளையின் வாயை மட்டும் மூடும், உள்ளே காற்று இருக்கும், அடுத்த கோட்டின் தின்னர் பட்டதும் அது குழியாகத் திறக்கும். இரு கூறு (ஹார்டனர் கலந்து பயன்படுத்தும்) நைஸ் பட்டியை நிமிர்த்திப் பிடித்த கைத்தகட்டால் அழுத்தி இழுத்துத் துளையை நிரப்புங்கள்.

ஒரு வாரம் கழித்துப் பட்டியின் எல்லை வளையமாகத் தெரிகிறது

மிகுதியாக வரும் முறையீடு இதுதான். மிகுதியாகத் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இதுவே. பெயின்டிலுள்ள தின்னர் கீழே இறங்கி, பட்டி, பழைய பெயின்ட், பிரைமர் ஆகிய மூன்றையும் வெவ்வேறு அளவில் ஊறவைக்கிறது. பிறகு அது ஆவியாகி வெளியேறும்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவில் சுருங்குகிறது. அவை சந்திக்கும் கோடுதான் வளையமாகக் காட்டுகிறது.

எது காரணம் என்பதை வளையத்தின் உருவம் சொல்லிவிடும். ஒற்றைக் கோடாக, பழைய பெயின்டின் விளிம்பைத் தொடர்ந்து ஓடினால், விளிம்பு போதிய அளவு சரிவாகத் தேய்க்கப்படவில்லை. ஒவ்வோர் அடுக்கும் மரத்தின் வயது வளையம்போல் தனித்தனிப் பட்டையாகத் தெரியும்வரை, 180-இல் தொடங்கி 240, 320 என்று விளிம்பைச் சரித்திருக்க வேண்டும். நேர்க்கோடுகளாக, தேய்த்த திசையிலேயே கீறல்கள் தெரிந்தால், 80 எண் தாளின் ஆழமான கீறல்களை இடைப்பட்ட தாள்களால் போக்காமல் தடிமனான பிரைமரால் மூடியிருக்கிறீர்கள். வளையம் பட்டைபோல் அகன்று, விளிம்பு வீங்கியதுபோல் இருந்தால், அடியிலுள்ள பழைய பெயின்டே தின்னருக்கு இளகும் ரகம். அல்லது பட்டியின் ஓரத்தை நன்றாக இருந்த பெயின்டின்மேல் ஏற்றித் தடவியிருக்கிறீர்கள்.

முதல் இரண்டுக்கும் பொறுமை ஒன்றே முதல் மருந்து. சுருங்குவது முழுதும் முடியாமல் மீண்டும் தேய்த்து அடித்தால் வளையமும் மீண்டும் வரும். இரண்டு மூன்று வாரம் வெயில் படும்படி விட்டு, வளையம் இனி மாறவில்லை என்று தெரிந்தபின், கட்டையில் சுற்றிய 600 எண் வாட்டர் பேப்பரால் சமன்செய்யுங்கள். அடியில் பிரைமர் தெரியும் இடங்களில் இரு கூறு பிரைமரை மெல்லிய இரு கோட்டாக அடித்து, அது உலர்ந்ததும் மறுபடி தேய்த்துவிட்டு நிறத்துக்குப் போகலாம். மூன்றாவது காரணத்துக்குப் பொறுமை உதவாது. இளகும் பெயின்டை அந்தப் பகுதி முழுவதிலும் எடுத்தாக வேண்டும்.

கொப்புளமும் குழியும்

பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றும் மூன்று குறைகளை இங்கே பிரித்தறிய வேண்டும். கொப்புளம் மிளகளவு அல்லது அதைவிடப் பெரியதாக இருந்தால் ஊசியால் குத்திப் பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் ஈரம் சிக்கியிருக்கிறது; பழுப்பு நிறத் தூள் வந்தால் அடியில் துரு ஓடுகிறது. ஈரத்துக்கு மிகப் பெரிய காரணம் பட்டியைத் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது. பட்டி, டால்க் தூளால் நிறைக்கப்பட்ட, நுண்துளைகள் உள்ள பொருள். கடற்பஞ்சுபோல நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு, பிறகு அடியிலுள்ள தகட்டையும் துருப்பிடிக்க வைக்கும். பட்டியை எப்போதும் உலர்நிலையிலேயே தேயுங்கள். தண்ணீர் தொடுவது பிரைமர் அடித்து மூடிய பிறகு மட்டும்.

துரு என்றால், உள்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வெளிப்பக்கத்தைத் தொட வேண்டும். உள்ளிருந்து அரித்து ஓட்டை விழும் நிலைக்கு வந்த தகட்டில் பட்டி நிற்காது. அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பது அவசியம். மேலாகப் படர்ந்த துருவானால் பளிச்சிடும் தகடு வரும்வரை எடுத்து, எபாக்ஸி பிரைமரை உடனே அடியுங்கள். வெறும் தகட்டை ஓரிரவு திறந்து வைத்தாலே ஈரக்காற்றில் புதுத்துரு தொடங்கிவிடும்.

மூன்றாவது, ஊசி முனையளவே உள்ள எண்ணற்ற சிறு குழிகள். இவை தின்னர் வெடித்து வெளியேறிய தடங்கள். ஒரு கோட் அடித்து அதன் ஈரப் பளபளப்பு மங்குமுன் அடுத்ததை அடித்தாலும், தடிமனாக அடித்து உடனே வெயிலில் நிறுத்தினாலும், மேல்தோல் முதலில் மூடிக்கொள்ளும். அடியில் அகப்பட்ட தின்னர் அதைத் துளைத்துக்கொண்டு வரும். முழுவதும் உலர்ந்த பிறகு குழிகள் மறையும்வரை தேய்த்து, மறுபடி கிளியர் அடிக்க வேண்டும்.

அடித்த பெயின்ட் வட்ட வட்டமாக விலகி, மீன்கண் போல் குழிகிறது

அடிக்கும் அந்த நிமிடத்திலேயே இது தெரிந்துவிடும். எண்ணெயோ சிலிக்கோனோ பட்ட இடத்தில் பெயின்ட் படராமல் விலகுகிறது. சிலிக்கோன் வரும் வழிகள் பல: டேஷ்போர்டு பாலிஷ், டயருக்குப் பளபளப்பு தரும் திரவம், துருப்பிடித்த நட்டைத் தளர்த்தும் ஸ்பிரே, சில கைக் கிரீம்கள்கூட. பெயின்ட் அடிக்கும் இடத்தில் இவற்றில் ஒன்றைப் பல நாள் முன்பு தெளித்திருந்தாலும் போதும். கம்ப்ரசர் எண்ணெய் இன்னொரு வழி. அதைச் சோதிக்க, சுத்தமான கண்ணாடித் துண்டின்மேல் வெறும் காற்றை ஒரு நிமிடம் ஊதிப் பாருங்கள். எண்ணெய்ப் படலமோ ஈரமோ படிந்தால் குற்றவாளி பெயின்ட் அன்று, காற்றுத்தான்.

முதல் மீன்கண் தெரிந்ததும் கன்னை (பெயின்ட் தூவும் ஸ்பிரே கன்னை) கீழே வையுங்கள். அந்தக் குழியைப் பெயின்டால் நிரப்பிவிட எண்ணி அங்கேயே மேலும் அடித்தால் குழி பெரிதாகும், சுற்றிலும் வழியும். பேஸ் கோட்டானால் அதை உலரவிட்டு, குழியின்மேல் மிக மெல்லிய தூவலாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததாக, மூன்று நான்கு முறை தூவி மூட முயலலாம். கிளியரில் வந்துவிட்டால் முழுவதும் இறுகியபின் தேய்த்துச் சுத்தம்செய்து மறுபடி அடிப்பது தவிர வேறு நல்ல வழி இல்லை. மீன்கண் தடுக்கும் திரவம் என்று ஒன்று விற்கிறார்கள். அதுவும் பெரும்பாலும் சிலிக்கோனே. கன்னிலும் அறையிலும் படிந்து அடுத்த வேலையையும் கெடுக்கும் என்பதால் அதை நான் தொடுவதில்லை.

தடுப்பதற்கான முறை எளிது. அதைச் சுருக்கிச் செய்யாமலிருப்பதுதான் கடினம். உப்புத்தாளைத் தொடுவதற்கு முன்பே மெழுகு நீக்கும் திரவத்தால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மெழுகை நாமே கீறல்களுக்குள் தேய்த்து இறக்கிவிடுவோம். தேய்த்து முடித்தபின் மறுபடியும் துடைக்க வேண்டும். ஒரு துணியால் திரவத்தைத் தடவி, அது உலர்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள். ஒரே துணியால் தடவிக் காயவிட்டால் கரைந்த எண்ணெய் இடம் மாறி அங்கேயே படியும். அதன்பின் வெறுங்கையால் தகட்டைத் தொடக் கூடாது.

பாலாடைபோல் வெண்மூட்டம்

தின்னர் ஆவியாகும்போது பரப்பைக் குளிரச் செய்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் நுண்துளியாகப் படிந்து பெயின்டோடு கலக்கிறது. காற்று 25 டிகிரியாகவும் ஈரப்பதம் 85 சதவீதமாகவும் இருக்கும் நாளில், பரப்பு ஏறக்குறைய 22 டிகிரிக்கு இறங்கினாலே பனி படியத் தொடங்கும். அதாவது வெறும் 3 டிகிரி இடைவெளி. அதே 25 டிகிரியில் ஈரப்பதம் 50 சதவீதமானால் 14 டிகிரி அருகே வரை பயமில்லை. மழை நாளிலும் விடியலிலும் அடிக்கக் கூடாது என்பது இதனால்தான். மூட்டம் வந்துவிட்டால் இளஞ்சூடான உலர்ந்த இடத்துக்குக் காரை நகர்த்துங்கள். இலேசானதானால் தானே தெளியும். நின்றுவிட்டால் மெதுவாக ஆவியாகும் தின்னரை மெல்லத் தூவி அடுக்கை இளக்கிவிடலாம்; ஆழமானதானால் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும்.

தோல்போல் சுருங்கி எழும்புதல்

பாதி உலர்ந்த அடுக்கின்மேல் தின்னர் மிகுந்த அடுத்த கோட் விழும்போது அடியிலுள்ளது வீங்கிச் சுருளும். ஸ்பிரே டப்பாக்களில், முதல் கோட்டுக்குப்பின் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் அடுத்ததை அடிக்க வேண்டும், தவறினால் ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்துத்தான் அடிக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த இடைப்பட்ட நேரமே ஆபத்தானது. சுருங்கிய பகுதியைக் காயவிட்டு, உறுதியான அடுக்குவரை எடுத்துவிடுங்கள்.

வழிதல், ஆரஞ்சுத்தோல், தூசி

இவை மூன்றும் பெரும்பாலும் கிளியரில் மட்டும் நிற்கும் குறைகளாதலால் அஞ்சத் தேவையில்லை. கன் மிக அருகில் வந்தாலும், கை தயங்கினாலும், தகடு குளிர்ந்திருந்தாலும் வழியும். ஈரமாக இருக்கும்போது துடைக்க முயலாதீர்கள். கல்லாக இறுகியபின், வழிந்த மேட்டை மட்டும் சிறு கட்டையில் சுற்றிய 1000 எண் தாளால் தேய்த்துச் சமன்செய்யுங்கள். ஆரஞ்சுத்தோல், பெயின்ட் துளிகள் படர்ந்து சேருமுன் உலர்ந்துவிட்டதன் அடையாளம்: தூரம் அதிகம், காற்றழுத்தம் குறைவு, அல்லது வெயிலுக்கு ஒவ்வாத வேகமான தின்னர். கன்னுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டரும், ஸ்பிரே டப்பாவுக்கு 25 சென்டிமீட்டர் அளவும் பொதுவான தூரம். இம்மூன்றையும் 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரில் ஏறிச் சென்று ரப்பிங் காம்பவுண்டால் முடிக்கலாம். விளிம்புகளிலும் கதவின் மடிப்புக் கோட்டிலும் பூச்சு மிக மெல்லியது. அவற்றின்மேல் மாஸ்கிங் டேப்பை ஒட்டிவிட்டுப் பாலிஷ் மெஷினைத் தொடுங்கள்.

நிறம் பொருந்தவில்லை

காரின் நிற எண், கதவுச் சட்டத்திலோ பானெட்டின் அடியிலோ உள்ள தகட்டில் இருக்கும். அந்த எண்ணைச் சொல்லி வாங்கினாலும் நிறம் பொருந்தாமல் போவது வியப்பில்லை. ஒரே எண்ணுக்குள் சற்றே மாறுபட்ட பல வகைகள் தயாரிப்பிலேயே உண்டு. உங்கள் காரோ பல ஆண்டு வெயிலில் வெளுத்திருக்கும். ஆகவே, காரில் அடிக்குமுன் ஓர் அட்டையிலோ தகட்டுத் துண்டிலோ, அதே பிரைமர், அதே எண்ணிக்கையில் கோட்டுகள், மேலே கிளியர் என்று முழுவதுமாக அடித்து, உலர்ந்தபின் காரின்மேல் வைத்துப் பாருங்கள். வெயிலில் ஒரு முறை, நிழலில் ஒரு முறை. நேராக ஒரு முறை, சாய்ந்து ஒரு முறை. கிளியர் இல்லாத நிறத்தை ஒப்பிடுவது பயனற்றது. கிளியர் ஏறியதும் நிறம் ஆழமாகும்.

மெட்டாலிக் நிறங்களில் கையே நிறத்தை மாற்றும். ஈரமாக அடித்தால் அலுமினியத் துகள்கள் மூழ்கி நேர்ப்பார்வைக்கு நிறம் கறுக்கும். உலர்வாக அடித்தால் துகள்கள் மேலாகப் படுத்து வெளுக்கும். கறுத்திருந்தால் அடுத்த அட்டையில் தூரத்தைக் கூட்டியும், வெளுத்திருந்தால் சற்று நெருங்கியும் அடித்துப் பாருங்கள். நிறத்தைக் குறை சொல்வதற்குமுன் மூன்று அட்டையாவது இப்படி அடித்துப் பார்த்திருக்க வேண்டும். திட்டுத் திட்டாக மேகம்போல் தெரிந்தால், கிளியருக்கு முன்பு, வழக்கத்தைவிடச் சற்றுத் தூரத்திலிருந்து மெல்லிய தூவல் ஒன்றைச் சீராக அடித்தால் துகள்கள் ஒரே முறையாக அமரும். கிளியர் அடித்த பிறகு திட்டைப் போக்க வழியில்லை; பேஸ் கோட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். சிவப்பு, மஞ்சள் போன்ற மூடும் திறன் குறைந்த நிறங்களில் அடியிலுள்ள பிரைமரின் சாயலும் மேலே காட்டும்.

எவ்வளவு முயன்றாலும் மீதி இருக்கும் சிறு வேறுபாட்டைக் கண்ணிலிருந்து மறைப்பது கலப்புமுறைதான். பேஸ் கோட்டைப் பழுதின்மேல் மட்டும் நிறுத்தாமல், ஒவ்வொரு கோட்டையும் முந்தையதைவிடச் சற்று அகலமாகக் கொண்டுபோய் பழைய நிறத்துக்குள் கரையவிடுங்கள். கிளியரை மட்டும் அந்தப் பகுதி முழுவதற்கும், விளிம்புவரை அடியுங்கள். கிளியரை நடுவில் எங்காவது நிறுத்தி மழுப்பினால், அந்தக் கோடு ஆண்டுகள் கழித்தாவது தெரியும் அல்லது அங்கிருந்து உரியத் தொடங்கும்.

பம்பரில் பெயின்ட் தாள்போல் உரிகிறது

பிளாஸ்டிக்கில் பெயின்ட் தானாக ஒட்டாது. அச்சிலிருந்து பம்பரைப் பிரிக்கப் பூசிய மெழுகு புதிய பம்பரில் இருக்கும்; சூடான சோப்புத் தண்ணீரால் கழுவி, நைஸாகச் சுரண்டி, பிளாஸ்டிக்குக்கான ஒட்டுப் பிரைமரை அடித்த பிறகே மற்றவை. உரிந்த பம்பரில் ஒட்டியிருக்கும் மிச்சப் பெயின்டையும் நம்பாமல் எடுத்துவிடுங்கள். ஒடுங்கிய பம்பரைச் சூடான தண்ணீர் ஊற்றி உள்ளிருந்து தள்ளினால் பெரும்பாலும் வடிவுக்குத் திரும்பும். தகட்டில் இது பலிக்காது. பம்பருக்குப் பின்னால் ரேடார் உள்ள கார்களில், அதற்கு நேரான இடத்தில் பட்டி வைக்கவோ தடிமனாகப் பெயின்ட் ஏற்றவோ கூடாது, ரேடாரின் அலைகள் தடைபடும்.

இரு கூறு கிளியர் அடிக்குமுன்

இது அறிகுறிக்கு முன்பே கவனிக்க வேண்டியது. உடலில் அறிகுறி தெரியும் நேரத்தில் காலம் கடந்திருக்கும். இரு கூறு பெயின்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் உள்ளது. அதன் தூவலை மூச்சில் வாங்குவது ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடும். ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறு அளவும் தாங்காது. தீங்கான அளவை மூக்கு உணர்ந்து எச்சரிக்காது. சாதாரணத் துணி முகமூடி எவ்வகையிலும் போதாது. இந்த வேலைக்கு ஏற்றது வெளிக்காற்றைக் குழாய்வழி தரும் முகமூடி. அது இல்லாதவர் கிளியர் அடிப்பதை மட்டும் பெயின்ட் பூத் உள்ளவரிடம் ஒப்படைப்பதே சரி. அல்லது ஹார்டனர் தேவைப்படாத ஒரு கூறு கிளியரோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அது பெட்ரோல் சிந்தினால் இளகும், பளபளப்பும் நெடுநாள் நிற்காது. பட்டித் தூளைத் தேய்க்கும்போதும் தூசி வடிகட்டும் முகமூடி வேண்டும். தின்னர் ஆவி தேங்கும் இடத்தில் அடுப்பும், வாட்டர் ஹீட்டர் சுடரும், பொறி எழுப்பும் மெஷினும் இருக்கக் கூடாது.

சில வாரங்களில் பளபளப்பு மங்குகிறது

கிளியருக்கு அடியில் சிக்கிய தின்னர் பிறகு வெளியேறும்போது மேற்பரப்பும் சேர்ந்து சுருங்கி மங்கும். பேஸ் கோட் முழுமையாக மங்கி உலருமுன் கிளியரை ஏற்றியதே வழக்கமான காரணம். மங்கியது சுருங்கி முடியட்டும். பிறகு 2000, 3000 எண் தாள்களால் தேய்த்துப் பாலிஷ் போட்டால் பளபளப்பு திரும்பும். அதுவரையிலும், புதிதாக அடித்த எந்தப் பெயின்டுக்கும் முதல் 30 நாளிலும், மெழுகோ மூடும் பாலிஷோ பூசாதீர்கள். வெளியேற வேண்டிய தின்னரை அது அடைத்துவிடும். வெறும் தண்ணீரும் மென்மையான துணியும் போதும். பறவை எச்சம் விழுந்தால் மட்டும் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.